மூன்று முறை கட்டிய பாலம்: மேடிசன் கவுண்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஏப்ரல் 15, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேடிசன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) என்ற கிராமப்புறப் பகுதியில், அன்று அதிகாலையில் ஒரு மரப்பாலம் எரிந்தது. சீடர் பாலம் என்று பெயர். நீளம் 76 அடிதான். பக்கவாட்டில் பலகை அடித்து, மேலே கூரை போட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் ஓடைக்குக் குறுக்கே யாரோ ஒரு மாட்டுக்கொட்டகையைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். தீ வைத்ததாக மூன்று பதின்வயதினர் கைதானார்கள்.

சீடர் பாலம் எரிவது இது முதல் தடவை இல்லை. 2002 செப்டம்பர் 3 அன்றும் அது தீ வைப்பில் போனது. அன்று எரிந்தது 1883-இல் கட்டிய அசல். 2017-இல் எரிந்தது, அசலின் வரைபடத்தைப் பார்த்து 2004-இல் கட்டிய நகல். இன்று அங்கே நிற்பது 2019-இல் கட்டி முடித்த மூன்றாவது பாலம்.

அசல் பாலம் சாதாரணப் பாலமாக இருக்கவில்லை. 1976-இலேயே நாட்டின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் அதன் பெயர் ஏறிவிட்டது. அந்த ஏட்டில் ஒரு பெயர் ஏறுவதால் என்ன நடக்கிறது, என்ன நடப்பதில்லை என்பதைப் பார்க்க இந்தக் கவுண்டியைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். பாலம், கல்வீடு, நீதிமன்றம், கடைத்தெரு என்று பல வகைக் கட்டடங்கள் இங்கே ஒரே ஏட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பிழைத்த கதை, பிழைக்காத கதை வேறு வேறு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத் தலைநகர் டெ மாய்னுக்குத் தென்மேற்கே, காரில் முக்கால் மணி நேரம். 2020 கணக்கெடுப்பில் கவுண்டியின் மொத்த மக்கள்தொகை சுமார் 16,500. சோளமும் சோயாவும் விளையும் மேட்டு நிலம், இடையிடையே நார்த் ரிவர், மிடில் ரிவர் என்று சிறு ஆறுகள். கவுண்டியின் தலைநகர் வின்டர்செட். நடிகர் ஜான் வேய்ன் 1907-இல் பிறந்த ஊர். ஊரின் பெயரைப் பாறையியல் படித்தவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். கான்சஸ் நகரம் வரை பரவிக் கிடக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்குக்கே வின்டர்செட் சுண்ணாம்புக்கல் என்றுதான் பெயர். இந்தக் கல்லுக்குப் பிறகு வருகிறேன்.

ஏட்டின் பலம்

"பாதுகாக்கப்பட்ட கட்டடம்" என்று கேட்டதும் நமக்கு ஒரு வேலி, ஒரு பலகை, "சேதப்படுத்தினால் தண்டனை" என்ற வரி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு காவலாளி என்று ஒரு படம் மனதில் வரும். அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் இவை எதுவும் கிடையாது.

1966-இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பதிவேட்டை உருவாக்கியது. மாநில அளவில் ஓர் அதிகாரி மனுவைப் பார்த்து அனுப்புவார். தேசியப் பூங்காச் சேவை முடிவெடுக்கும். ஒரு பெரிய நிகழ்ச்சியோடு தொடர்பு, ஒரு முக்கிய மனிதரோடு தொடர்பு, கட்டும் முறையின் சிறப்பு, தோண்டினால் தகவல் கிடைக்கும் வாய்ப்பு என நான்கு அளவுகோல்கள். ஏதாவது ஒன்றில் தேறினால் போதும். பொதுவாக 50 வயது ஆகியிருக்க வேண்டும். இன்று நாடு முழுவதும் ஒரு லட்சத்தை நெருங்கும் பதிவுகள் இருக்கின்றன.

சரி, ஏறியபின்? தனியார் ஒருவர் தன் சொந்தப் பணத்தில், தன் பதிவு பெற்ற வீட்டை இடிக்க நினைத்தால், பதிவேடு அவரைத் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் உள்ளூர் அரசு தனியாக ஒரு விதி போட்டிருக்க வேண்டும். கிராமப்புறங்களில் அப்படிப்பட்ட விதிகள் அபூர்வம். "என் நிலத்தில் என்ன செய்யலாம் என்று நீ யார் சொல்ல?" என்ற குணம் அங்கே மண்ணோடு ஊறியது. 1980-இல் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமையாளர் எதிர்த்தால் அவருடைய சொத்தைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்றே எழுதிவிட்டார்கள்.

பதிவேடு கட்டிப்போடுவது தனியாரைவிட மத்திய அரசையே. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள எந்தத் திட்டமும் பதிவுள்ள இடத்தைத் தொடுமானால், முதலில் நின்று யோசிக்க வேண்டும், உரியவர்களோடு பேச வேண்டும். சட்டத்தின் 106-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பேசிவிட்டு இடிக்கவும் செய்யலாம். பேசாமல் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். சாலை, பாலம் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு மட்டும் 1966-இன் போக்குவரத்துத் துறைச் சட்டத்தில் இன்னும் கடுமையான ஒரு விதி உண்டு. வேறு நியாயமான வழி இருக்கும்வரை வரலாற்று இடத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்பது அது. பழைய பாலங்களுக்கு உண்மையில் கவசமாக இருந்தது இதுதான்.

பிறகு வரிச்சலுகை. வருமானம் தரும் பதிவுக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். கடைவீதிக் கட்டடத்துக்கு இது பெரிய உதவி. குடும்பம் வசிக்கும் பண்ணை வீட்டுக்கு மத்திய அரசிடமிருந்து ஒரு காசு கிடையாது. அயோவா மாநிலம் தனியாக 25 சதவீதம் வரை ஒரு சலுகை வைத்திருக்கிறது. அதில் 1937-க்கு முன் கட்டிய தானியக் கொட்டகைகளுக்கும் இடம் உண்டு. விவசாய மாநிலம் எதை வரலாறு என்று நினைக்கிறது என்பதற்கு இந்த ஒரு விதி போதும்.

தீ வைக்க வருபவனுக்கு இந்தப் பிரிவு எதுவும் பொருட்டில்லை.

பாலத்துக்கு எதற்குக் கூரை?

மேடிசன் கவுண்டியில் ஒரு காலத்தில் 19 கூரைப் பாலங்கள் இருந்தன. இன்று எண்ணிக்கை 6, மூன்றாவது சீடரையும் சேர்த்து. அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கில் இருந்தவை இப்போது ஆயிரத்துக்கும் குறைவு. இவற்றின் மேல் ஒரு காதல் மயக்கம் படிந்து கிடக்கிறது. மழைக்கு ஒதுங்க, குதிரை வெள்ளத்தைப் பார்த்து மிரளாமல் இருக்க, காதலர் முத்தமிட என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் கணக்குப்பிள்ளையுடையது.

மரப்பாலத்தில் விலையுயர்ந்த பொருள், பாரத்தைத் தாங்கும் பெரிய மரங்கள். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் அவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உளுத்துப்போகும். மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் போட்டுவிட்டால் நனைவது மலிவான மரம். அது கெட்டால் பிடுங்கிவிட்டு வேறு அடிக்கலாம்; உள்ளே இருக்கும் பெரிய மரம் நூறாண்டு நிற்கும். கவுண்டியின் மேற்பார்வைக் குழுதான் பாலங்களை மூடிக் கட்டச் சொன்னது. வரலாற்றுப் பாதுகாப்பு என்ற சொல்லே புழங்காத காலத்தில், செலவை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு அது. எனக்குத் தெரிந்து இந்தப் பாலங்களுக்குக் கிடைத்த மிகச்சிறந்த பாதுகாப்பு ஆணையும் அதுதான்.

உள்ளே நுழைந்து பார்த்தால் கட்டுமானம் புரியும். இரு பக்கமும் பலகைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து, வைர வடிவக் கண்ணிகளோடு ஒரு பின்னல் தட்டி போல நிற்கும். பலகைகள் சந்திக்கும் இடங்களில் ஆணி மரமாகவே இருக்கும். இந்த முறைக்கு 1820-இல் இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் காப்புரிமை வாங்கினார். இதன் அழகு என்னவென்றால், பெரிய தச்சர் தேவையில்லை. ஒரே அளவுப் பலகை, ஒரே மாதிரித் துளை, ஒரே மாதிரி ஆப்பு; உள்ளூர் ஆட்களே கட்டிவிடலாம். மேடிசன் கவுண்டியில் இந்தப் பின்னலோடு இரண்டு நிமிர்கால்களும் மேலே ஒரு கிடைமரமும் சேர்ந்த இன்னொரு சட்டகத்தையும் இணைத்திருக்கிறார்கள். இரண்டு முறைகளும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

1880-களில் கட்டியவை பெரும்பாலும் பென்டன் ஜோன்ஸ் என்ற ஒருவரின் வேலை. ஹாலிவெல் பாலம் (1880, 122 அடி, இருப்பதில் நீளமானது), ரோஸ்மன் (1883, 107 அடி), ஹாக்பேக் (1884, 97 அடி), பிறகு நம் சீடர். அவர் தட்டையான கூரை போட்டார். அதற்கு முந்தைய 1870-ஆம் ஆண்டுப் பாலங்களான ஐம்ஸ், கட்லர்-டோனஹோ இரண்டுக்கும் வீட்டுக்கூரை போலச் சாய்வான கூரை. புகைப்படத்தில் பார்த்தே இது எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம். பெயர்கள் பெரும்பாலும் பக்கத்தில் குடியிருந்த குடும்பத்தின் பெயர். ஹாக்பேக் மட்டும் அருகிலிருக்கும் சுண்ணாம்புக்கல் முகட்டின் பெயர்.

ரோஸ்மன் பாலத்துக்கு ஒரு பேய்க்கதையும் உண்டு. 1892-இல் சிறையிலிருந்து தப்பிய ஒருவனை இரு கூட்டம் பாலத்தின் இரு முனையிலும் மறித்ததாம். அவன் ஒரு கூச்சல் போட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனவன் திரும்பவே இல்லையாம். பதிவேட்டின் அளவுகோல்களில் பேய்க்கு இடமில்லை. ஆனால் ஒரு பாலத்தை யாரும் மறக்காமல் இருக்கப் பேய் செய்யும் உதவி கொஞ்சமில்லை.

இடம் மாறியவை

பதிவேட்டின் பொது விதி ஒன்று: பிறந்த இடத்திலிருந்து பெயர்த்த கட்டடம் சாதாரணமாகத் தகுதி இழக்கும். விதியைப் படித்துவிட்டு மேடிசன் பாலங்களின் கதையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஐம்ஸ் பாலம் 1887-இல் ஒரு தடவை இடம் மாறியது. 1977-இல் மறுபடி பெயர்ந்து செயின்ட் சார்ல்ஸ் என்ற சிற்றூருக்கு வந்தது. கட்லர்-டோனஹோவை 1970-இல் தூக்கி வின்டர்செட் நகரப் பூங்காவுக்குள் வைத்தார்கள். சீடர் பாலமும் முதலில் வேறோர் இடத்தில்தான் இருந்தது. 1921-இல் தான் சீடர் ஓடைக்கு வந்து சேர்ந்தது. என்றாலும் இவை ஏட்டில் ஏறின. கட்டும் முறைக்காகவே மதிப்புள்ள ஒரு பொருள், இடம் மாறினாலும் அந்த முறையைக் காட்டிக்கொண்டிருந்தால் விதிவிலக்கு உண்டு.

என் கருத்தில் இந்த விதிவிலக்கு நியாயமானது. பெயர்த்துக் கொண்டுபோவதுதான் அந்தப் பாலங்களின் இயல்பு. பலகையும் ஆப்புமாகக் கட்டியது, கழற்றி மாட்டத் தக்கது. ஓர் இடத்தில் இரும்புப் பாலம் வந்ததும் மரப்பாலத்தை விறகாக்காமல் சின்ன ஓடை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். பொருளை வீணாக்காத விவசாயிகளின் புத்தி அது.

அதே சமயம் கட்லர்-டோனஹோவைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம். பூங்காவில் புல்தரைக்கு நடுவே அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு யாரையும் கொண்டுபோக வேண்டிய வேலை அதற்கு இல்லை.

மூன்று தீ

முதல் தீ 1983-இல். மெக்பிரைட் பாலம், 1871-இல் கட்டியது, அதுவும் பதிவேட்டில் இருந்தது. கூரைப் பாலங்களின் உட்பலகைகளில் காதலர்கள் பெயர் எழுதுவது பழைய வழக்கம். ஓர் ஆணும் பெண்ணும் அப்படி மெக்பிரைடில் தங்கள் பெயரைப் பதித்திருந்தார்கள். உறவு முறிந்தது. பெயரை அழிக்க வந்தவர், பாலத்தையே எரித்துவிட்டார். பலகையைச் சுரண்டியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

பாலம் எரிவது வீடு எரிவது போல இருக்காது. நூறாண்டு காய்ந்த மரம். இரு முனையும் திறந்த ஒரு சுரங்கம், கீழே ஓடைக் காற்று. படுக்க வைத்த புகைபோக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத மண் சாலை ஓரம், இரவு நேரம், பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியிருக்கும் கிராமத்துத் தீயணைப்பு. வண்டி வந்து சேரும்போது அணைப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.

1990-களில் கவுண்டி தன் பாலங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தது. ரோஸ்மனும் ஹாக்பேக்கும் 1992-இல். ரோஸ்மனுக்கு மட்டும் 1,52,000 டாலருக்கு மேல். ஹாலிவெல் 1995-இல், 2,25,000 டாலர். ஐம்ஸும் கட்லர்-டோனஹோவும் 1997-இல், இவை சிறிய தொகை. கடைசியாக 1998-இல் சீடர் பாலம், 1,28,000 டாலர். நான்கே ஆண்டுகளில் அந்த வேலை முழுவதும் சாம்பலானது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. 1992-இல் இந்தப் பாலங்களைப் பின்னணியாக வைத்து ஒரு காதல் நாவல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. அட்டையில் இருந்தது சீடர் பாலம். 1995-இல் அது ஹாலிவுட் படமானது. அதுவரை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துபோன இடத்துக்கு உலகின் மூலைமுடுக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1970 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் வின்டர்செட்டில் நடக்கும் கூரைப் பாலத் திருவிழாவில் கூட்டம் பெருகியது. புகழ் பணத்தைக் கொண்டுவந்தது, புதுப்பிக்கும் ஆர்வத்தையும் கொண்டுவந்தது. கூடவே வேறு வகைக் கவனமும் வந்தது. 2002-இல் சீடர் எரிந்தது. 2003-இல் படத்தில் நாயகியின் வீடாகக் காட்டப்பட்ட பண்ணை வீட்டுக்கும் தீ வைத்தார்கள். காரணம் புகழ்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் எரிந்த இரண்டும் ஊரிலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்டவை என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

சீடரை மறுபடி கட்டுவது என்று ஊர் முடிவெடுத்தது. கான்கிரீட் போட்டிருந்தால் வேலை சுலபம். அசல் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதே மரமுறையில், சுமார் 5,76,000 டாலர் செலவில் கட்டி, 2004 அக்டோபர் 9-ஆம் தேதி திருவிழா நாட்களிலேயே திறந்தார்கள். கவுண்டியில் கார் ஓட்டிக்கொண்டு கடக்கக்கூடிய ஒரே கூரைப் பாலமாக அது இருந்தது. 13 ஆண்டுகள் நின்றது. பிறகு 2017.

இரண்டாம் முறை எரிந்தபோது "போதும், விட்டுவிடலாம்" என்று சொல்ல எல்லாக் காரணங்களும் இருந்தன. எரிந்தது நூற்றாண்டுப் பாலம்கூட இல்லை. போக்குவரத்துக்கு அது அத்தியாவசியமும் இல்லை. ஆனாலும் வரைபடத்தை மறுபடி எடுத்தார்கள்.

நகலுக்கு ஏட்டில் இடமுண்டா?

ஒரு கட்டடம் எந்தப் பண்புக்காகச் சேர்க்கப்பட்டதோ அந்தப் பண்பு அழிந்தால், பெயரை நீக்கலாம் என்பது பதிவேட்டு விதி. அசல் சாம்பலானபின் 1976-ஆம் ஆண்டுப் பதிவுக்குப் பொருளில்லை, வாதாட ஒன்றுமில்லை. சுவாரசியமான கேள்வி, புதிதாகக் கட்டியது தன் காலில் நின்று தகுதி பெறுமா என்பது.

மறுகட்டுமானத்துக்குப் பதிவேடு மூன்று நிபந்தனை வைக்கிறது. துல்லியமாகக் கட்டியிருக்க வேண்டும். பொருத்தமான சூழலில், ஒரு பெரிய மீட்புத் திட்டத்தின் பகுதியாக, கண்ணியமாக நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது, அதே தொடர்புள்ள வேறு கட்டடம் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. முதலாவதில் சீடர் தேறலாம். இரண்டாவதில் வாதாடலாம். மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும். அதே பென்டன் ஜோன்ஸ் அதே ஆண்டில் கட்டிய ரோஸ்மன் சில மைல் தொலைவில் அசலாகவே நிற்கிறதே! விதியின் பார்வையில், அண்ணன் உயிரோடு இருப்பதால் தம்பியின் சிலைக்கு அவசியமில்லை.

இன்னொரு வழி, காத்திருப்பது. 50 ஆண்டு கடந்த நகல், தன் காலத்தின் வரலாற்றுப் பொருளாக மாற வாய்ப்புண்டு. 2004-ஆம் ஆண்டுப் பாலம் நின்றிருந்தால் 2054-இல் அந்தப் பேச்சை எடுத்திருக்கலாம். இப்போது அது 2069-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இங்கே விதியின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். 1883-இல் ஒரு தச்சன் ரம்பத்தால் அறுத்த தடம், குதிரை வண்டிச் சக்கரம் தேய்த்த தரை, இவை திரும்பி வராது. பொருளை மாற்றிவிட்டு அதே பெயரை ஒட்டவைத்தால் ஏட்டுக்கே மரியாதை போய்விடும். ஆனால் ஏட்டில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்று பின்னல் தட்டிப் பாலத்தை ஓர் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை கட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சீடர் பாலம் இரண்டு முறை எரிந்ததால், அந்த வேலையை இரண்டு முறை முழுசாகச் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

கவுண்டியின் நீதிமன்றத்தையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வின்டர்செட் சதுக்கத்தின் நடுவே, சிலுவை வடிவத் தளத்தில், உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில், மேலே குவிமாடத்தோடு நிற்கிறது. 1878-இல் முடிந்தது, 1976-இல் பதிவானது. அதற்கு முன் அதே இடத்தில் இருந்த கல் நீதிமன்றம் 1875 கடைசியில் எரிந்துபோக, ஏறக்குறைய அதே வடிவத்தில் மறுபடி எழுப்பியதுதான் இது. இதையும் நகல் என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. நகல்மேல் 140 ஆண்டு வெயில் பட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

யாரும் படமெடுக்காத வீடுகள்

பாலங்களைப் பார்க்க வருகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோவது கல்வீடுகளை. மேடிசன் கவுண்டியின் பதிவுகளில் எண்ணிக்கையில் பெரிய பங்கு இவற்றுக்குத்தான். 1846 முதல் 1900 வரை, குடியேற்றக் காலத்தில் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடுகள், கொட்டகைகள், பள்ளிகள் அனைத்தையும் ஒரே ஆய்வாகத் தொகுத்து, பலவற்றை 1987-இல் பதிவேட்டில் ஏற்றினார்கள். வீட்டின் பெயர் என்றால் முதலில் கட்டிய தம்பதியின் பெயர்தான். புகழ்பெற்றவர் யாருமில்லை.

ஆறுகள் பள்ளத்தாக்கை அறுத்த இடங்களில் கல்லடுக்கு வெளியே தெரிகிறது. கடப்பாறையும் ஆப்பும் இருந்தால் எடுத்துவிடலாம். வந்தேறிகளில் கல்வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேலப் கிளார்க் என்ற கல்தச்சரின் நினைவாக அவருடைய சந்ததியார் 1926 வாக்கில் நகரப் பூங்காவில் 25 அடி உயரக் கல்கோபுரமே எழுப்பினார்கள்.

இந்த வீடுகளில் ஒன்றின் முன் நின்று பார்த்தால் கட்டியவரின் பர்ஸ் தெரியும். சாலையைப் பார்க்கும் முன்சுவரில் கற்கள் சதுரமாகச் செதுக்கி வரிசை பிசகாமல் இருக்கும். மூலையைச் சுற்றிப் பக்கச்சுவருக்கு வந்தால் கரடுமுரடான கல், கிடைத்ததைக் கிடைத்தபடி அடுக்கியிருக்கும். மூலைக்கற்களும் ஜன்னலுக்கு மேலும் கீழும் இருக்கும் நீண்ட கற்களும் மட்டும் மறுபடி ஒழுங்கானவை, ஏனென்றால் அங்கே ஒழுங்கு இல்லாவிட்டால் சுவர் நிற்காது. ஊர் பார்க்கும் பக்கத்துக்கு ஒரு செலவு, கோழி மேயும் பக்கத்துக்கு ஒரு செலவு.

இவற்றுக்கு ஆபத்து தீக்குச்சியிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அன்பாகச் செய்யும் பழுதுபார்ப்பிலிருந்து வருகிறது. பழைய சுவரில் கல்லுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. கல்லைவிட மென்மை. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும், தேய்வதும் சாந்துதான். ஐம்பது ஆண்டுக்கு ஒரு தடவை இடுக்கைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் வந்த உரிமையாளர், "எதற்கு அடிக்கடி?" என்று நல்ல கெட்டியான போர்ட்லண்ட் சிமெண்டை வைத்துப் பூசினார். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல்லுக்குள் தங்கியது. அயோவாவின் குளிர்காலத்தில் அது உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும். நான்கைந்து குளிர்காலத்துக்குள் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கும். கடைசியில் சிமெண்ட் வரிகள் மட்டும் எலும்பு போலத் துருத்திக்கொண்டு நிற்க, நடுவே கல் குழிந்திருக்கும். பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது.

இன்னொரு ஆபத்து, ஆளில்லாமை. பண்ணைகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. முன்பு நான்கு குடும்பம் உழுத நிலத்தை இன்று ஒரு குடும்பம் ஓர் இயந்திரத்தை வைத்து உழுகிறது. மீதி மூன்று வீடும் நிலத்தோடு சேர்ந்து கைமாறும். யாரும் குடியிருக்க மாட்டார்கள். கூரையில் ஓர் ஓட்டை போதும். தண்ணீர் சுவரின் நடுவே இறங்கும், உள்சுவரும் வெளிச்சுவரும் பிரியும், ஒரு நாள் ஒரு பக்கம் சரியும். அதற்குக் கைது இல்லை, செய்தியில்லை. வரைபடம் எடுத்துவர யாரும் ஓடுவதுமில்லை. 106-ஆம் பிரிவுக்கும் வேலையில்லை. மத்திய அரசின் பணம் ஒரு டாலர்கூட அங்கே சம்பந்தப்படவில்லையே.

வின்டர்செட் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவும் ஒரு வரலாற்று வட்டாரமாகப் பின்னாளில் பதிவானது. அதன் நிலைமை இந்த வீடுகளைவிடப் பரவாயில்லை. கீழே கடை, மேலே வாடகைக்கு விடக்கூடிய மாடி, எனவே 20 சதவீத வரிச்சலுகை பொருந்தும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிப்பதைவிடச் சரிசெய்வது லாபம் என்று வரும் இடங்களில் பதிவேடு நன்றாகவே வேலை செய்கிறது.

கல்வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு வராது. அவரிடம் இருப்பது கட்டிய தம்பதியின் பெயரைத் தாங்கிய ஒரு பதிவு, மாநிலச் சலுகைக்கு ஒரு விண்ணப்பப் படிவம், அப்புறம் அடுத்த பூச்சுக்குச் சுண்ணாம்பா சிமெண்டா என்ற கேள்வி. சுண்ணாம்புச் சாந்து குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடினால் பெரும்பாலும் அடுத்த கவுண்டியிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோதான் ஆள் வர வேண்டும். சிமெண்ட் மூட்டை பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.